போடாத தங்கச் சீட்டு

பேச்சு லூட் பாக்ஸ் பக்கம், அதாவது என்ன வரும் என்று தெரியாமலே காசு கொடுத்து வீடியோ கேமுக்குள் திறக்கிற பெட்டிகள் பக்கம் திரும்பி, இது சூதாட்டம்தானே என்று யாராவது குறை சொன்னால், பல வருடங்களாக என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. பிடிக்கவில்லையென்றால் வாங்காதீர்கள். யாரும் கழுத்தில் கத்தி வைத்துக் காசு கேட்கவில்லையே. கேம் இலவசமாகக் கிடைக்கிறது, அதைச் செய்தவர்களுக்கும் சம்பளம் வேண்டும், வசதி இருக்கிறவர் தன் கதாபாத்திரத்துக்கு நாலு ஸ்கின், அதாவது புதுத் தோற்றம், வாங்கினால் மற்றவர்கள் சும்மா ஆடிவிட்டுப் போகலாம், இதில் என்ன தப்பைக் கண்டீர்கள் என்று நண்பர்களோடு மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறேன். முழுதாக நம்பித்தான் வாதாடினேன். இப்போது அதில் பாதியைக்கூட என்னால் சொல்ல முடிவதில்லை. இந்த மாற்றம் ஒரே நாளில் வந்துவிடவில்லை, ஆனாலும் இரண்டு சம்பவங்கள் மட்டும் மனசிலேயே நிற்கின்றன. ஒன்று என் ஃபோனில் நடந்தது, இன்னொன்று ஒரு பழைய செருப்புப் பெட்டியில்.

முதல் சம்பவம் நான் ஜெயித்த கதை. காச்சா வகை கேம், அதாவது கதாபாத்திரங்களைக் குலுக்கல் முறையில் பெறுகிற கேம் ஒன்றை இரண்டு வருடமாக ஆடிக்கொண்டிருந்தேன். காலையில் பல் துலக்குவதற்கு முன்பே அன்றைய தினசரி வேலைகளை முடித்து குலுக்கலுக்கு வேண்டிய ஜெம் என்கிற கேம் நாணயத்தைச் சேர்த்துவிடுவேன், ராத்திரி படுக்கும் முன் மிச்சத்தை முடிப்பேன். வரப்போகிறாள் என்று சொல்லியிருந்த ஒரு கதாபாத்திரத்துக்காக இரண்டு மாதம் ஒரு ஜெம்கூடச் செலவழிக்காமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். அப்படியும் போதாது என்று பயந்து காசு போட்டு டாப்-அப் செய்தேன். அந்த மாதம் போட்ட காசில் முழு விலைக்கு விற்கிற கேம் மூன்று வாங்கியிருக்கலாம். அவள் குலுக்கல் பட்டியலில் சேர்ந்த அன்று இரவு குலுக்க ஆரம்பித்தேன். 11-ஆவது குலுக்கலிலேயே வந்துவிட்டாள். இப்படி ஓர் அதிர்ஷ்டம் அந்த கேமை ஆடுகிறவர்களில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஒரு நொடி எழுந்து நின்றேன். அப்புறம் உட்கார்ந்தேன்.

பத்து நிமிடம் அவளை வைத்து ஆடினேன். நன்றாகத்தான் இருந்தாள், குரல் நன்றாக இருந்தது, வாள் வீசும்போது முடி பறக்கிற விதம்கூட அழகாக இருந்தது. ஆனால் கை தானாகக் குலுக்கல் திரைக்குத் திரும்பிவிட்டது. ஜெம் நிறைய மிச்சம் இருந்தது. எனக்கு வேண்டிய பொருள் அந்தப் பட்டியலில் வேறு எதுவும் இல்லை, இல்லை என்று தெரிந்தும் நள்ளிரவுக்குள் மொத்தத்தையும் தீர்த்தேன். என்னென்ன வந்தன என்று கேட்டால் இப்போது ஒன்றுகூட ஞாபகம் இல்லை. ஞாபகத்தில் இருப்பதெல்லாம் கதவு திறப்பதற்கு முன் அதன் விளிம்பில் கசிகிற வெளிச்சம்தான். நீலமா, ஊதாவா, தங்கமா என்று தெரியாத அந்த ஒன்றரை நொடி. இரண்டு வருடமாக நான் காசு கொடுத்து வாங்கியது அதைத்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அவள் வந்துவிட்டதில் எனக்கு ஏற்பட்டது கிட்டத்தட்ட ஏமாற்றம், ஏனென்றால் இனிமேல் எதற்குக் குலுக்குவது?

அந்த ஒன்றரை நொடி

அதற்குப் பிறகு அந்தத் திரையை வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். என்ன பொருள் என்று தெரிவதற்கு முன்பே நிறம் தெரிகிறது. அதாவது நம்பிக்கை முதலில் வருகிறது, செய்தி பின்னால் வருகிறது, இரண்டுக்கும் நடுவில் வேண்டுமென்றே ஓர் இடைவெளி விட்டிருக்கிறார்கள். தாண்டிப் போக ஒரு பொத்தான் மூலையில் இருக்கும், முதல் ஐந்து குலுக்கலுக்கு யாரும் அதைத் தொடுவதில்லை. துப்பாக்கிச் சண்டை கேமான கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கில் 2013 ஆகஸ்டில் வந்த பெட்டிகளைத் திறந்தவர்களுக்கு அந்த ஓடும் பட்டை தெரிந்திருக்கும். துப்பாக்கிகள் வரிசையாக ஓடி, மெதுவாகி, தங்க நிறக் கட்டத்தை ஒரு மயிரிழையில் தாண்டி ஒரு மட்டமான துப்பாக்கியில் போய் நிற்கும். "அய்யோ, பக்கத்துல வந்துடுச்சே!" என்று கத்தாதவர் யார்? பக்கத்தில் எதுவும் வரவில்லை. பொத்தானை அழுத்திய கணத்திலேயே முடிவு சர்வரில் தீர்மானமாகிவிட்டது, பட்டை ஓடுவதும் மெதுவாவதும் நமக்காகப் போட்டுக் காட்டுகிற படம். இது தெரிந்த பிறகும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்பதுதான் எனக்கு வருத்தமான விஷயம்.

காசு விஷயமும் அப்படித்தான். கேமுக்குள் நேரடியாகக் காசு செல்லாது. காசைக் கொடுத்து ஜெம் வாங்க வேண்டும், சில கேம்களில் அந்த ஜெம்மை மறுபடி டிக்கெட்டாக மாற்ற வேண்டும், அதற்கப்புறம்தான் குலுக்கல். இரண்டு தடவை உருமாறியபின் எவ்வளவு செலவாகிறது என்று மனசு கணக்குப் போடுவதையே விட்டுவிடுகிறது. ஒரு குலுக்கலுக்கு 150 ஜெம் என்றால் விற்கிற பொதி 500 ஆக இருக்கும். மூன்று குலுக்கியதும் 50 மிஞ்சும். அந்த 50-ஐ வைத்து ஒன்றும் செய்ய முடியாது, வீணாக விடவும் மனசு வராது. தற்செயலாக இப்படி அமைவதில்லை. 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறைகளில், கேமுக்குள் விற்கும் பொருளின் விலையை நிஜப் பணத்திலும் தெளிவாகக் காட்ட வேண்டும், தேவைக்கு மேல் கேம் நாணயத்தை வாங்க வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். படித்தபோது, இதைச் சொல்வதற்கே இத்தனை வருடமா என்றுதான் தோன்றியது.

இன்னொன்று பிட்டி. இத்தனை தடவை குலுக்கியும் வரவில்லையென்றால் அடுத்தது கட்டாயம் வரும் என்கிற உத்தரவாதம். கெஞ்சின் இம்பாக்ட் என்ற காச்சா கேம் 2020 செப்டம்பரில் வந்தபோது மிக அரிதான ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் கிடைக்க ஒரு குலுக்கலுக்கு 0.6 சதவீத வாய்ப்பு, 90-இல் கட்டாயம். ஆனால் அப்படி வருவது நீங்கள் கேட்டவராக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்புதான் இருந்தது. வேறு யாராவது வந்துவிட்டால் அதற்கடுத்த ஐந்து நட்சத்திரம் கேட்டவராகவே இருக்கும். ஆக மோசமான பட்சத்தில் 180 குலுக்கல். இதை நான் ரொம்ப நாள் பெரிய மனசு என்று நினைத்திருந்தேன், விளையாடுகிறவர் பக்கம் நின்று யோசித்திருக்கிறார்கள் என்று புகழ்ந்துகூடப் பேசியிருக்கிறேன். ஆனால் 70-ஆவது குலுக்கலில் கையில் ஜெம் இல்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு ராத்திரியை யோசித்துப் பார்க்கிறேன். இன்னும் இருபதுதான். இப்போது விட்டால் போட்ட 70-ம் என்னைப் பார்த்து நிற்கும். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்கிற வெறி சூதாடுகிறவருக்குத் தானாக வர வேண்டியிருக்கிறது. இங்கே அதற்கு ஓர் எண்ணைப் போட்டு, திரையின் ஓரத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

செருப்புப் பெட்டி

அக்கா மகனுக்கு அப்போது ஒன்பது வயது. விடுமுறைக்கு வந்து என்னோடு ஒரு வாரம் இருந்தான். ராத்திரி நான் குலுக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வான். கேம் ஆடும்போது அவனுக்கு அலுத்துவிடும், "எப்ப சித்தி திறப்ப?" என்று நச்சரிப்பான். மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு பழைய செருப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே மடித்த காகிதச் சீட்டுகள், ஐம்பது அறுபது இருக்கும். மூடிமேல் ஸ்கெட்ச் பேனாவால் விதி எழுதியிருந்தான். வெள்ளைச் சீட்டு என்றால் கல் அல்லது குச்சி, நீலம் என்றால் கத்தி, ஊதா என்றால் குதிரை, தங்கம் என்றால் டிராகன். டிராகனை முழுப் பக்கத்துக்கு வரைந்து, ஜிகினா ஒட்டி, பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்தான். ஒரு சீட்டு எடுக்க இரண்டு சட்டைப் பொத்தான். முதலில் பத்துப் பொத்தான் எனக்கு இலவசமாகக் கொடுத்தான்.

ஐந்து சீட்டு எடுத்தேன். கல், கல், குச்சி, கத்தி, கல். பொத்தான் தீர்ந்துவிட்டது. "வேலை செஞ்சா பொத்தான் தருவேன்" என்றான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால் ஒன்று, அவன் புத்தகத்தை அடுக்கினால் இரண்டு, அவனோடு ஓர் ஆட்டம் செஸ் ஆடினால் நான்கு. நாளைக்குக் காலையில் முதல் வேலையாக வந்து கேட்டால் சும்மாவே ஒன்று. இதையெல்லாம் அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, இரண்டு ராத்திரி என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தான், அவ்வளவுதான். சீட்டைப் பிரிக்கும் முன் பெட்டி மேல் விரலால் தாளம் தட்டுவான். பிறகு மடிப்பை ஒவ்வொன்றாக, வேண்டுமென்றே மெதுவாகப் பிரிப்பான், ஓரத்தில் தெரிகிற நிறத்தை மட்டும் முதலில் காட்டுவான். எனக்கு நிஜமாகவே ஆர்வம் வந்துவிட்டது. சாயங்காலம் வரை தண்ணீர் எடுத்தேன், புத்தகம் அடுக்கினேன், செஸ் ஆடினேன். குதிரை இரண்டு வந்தது. டிராகன் வரவே இல்லை.

கடைசியில் பெட்டியில் பத்துப் பன்னிரண்டு சீட்டுதான் இருந்தது. சரி, இனி எப்படியும் வந்துதானே தீர வேண்டும் என்று மொத்தமாகக் கவிழ்த்து எல்லாவற்றையும் பிரித்தேன். கல், குச்சி, கல், கத்தி.

"டிராகன் எங்கடா?"

"அது போடலை சித்தி."

"ஏன்டா?"

"போட்டா நீ எடுத்துடுவ. எடுத்துட்டா எழுந்து போயிடுவ."

எந்தக் கள்ளமும் இல்லாமல் சொன்னான். அவனுக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், டிராகன் உள்ளே இருந்தால் அது நடக்காது, அதனால் போடவில்லை. கட்டிப்பிடித்து ஒரு முத்தம் கொடுத்தேன், வேறென்ன செய்வது. ஆனால் அன்று ராத்திரி ஃபோனை எடுத்தபோது குலுக்கல் பொத்தானை அழுத்தக் கை வரவில்லை. பெரிய நிறுவனங்களில் எத்தனையோ பேர் உட்கார்ந்து, ஆடுகிறவர் எந்த நிமிடம் எழுந்து போகிறார் என்று அளந்து அளந்து கண்டுபிடித்த விஷயத்தை ஒன்பது வயதுப் பையன் அன்புக்காக ஒரே மத்தியானத்தில் கண்டுபிடித்துவிட்டான். பரிசு கிடைத்தால் ஆள் எழுந்து போய்விடுவார். நானும் என் டிராகனான அந்தக் கதாபாத்திரம் கிடைத்த இரவு எழுந்து போயிருக்க வேண்டும். எனக்காக அடுத்த டிராகனின் படத்தை அதற்குள் ஒட்டி வைத்திருந்தார்கள், அதனால் போகவில்லை.

நிஜமாகவே பூஜ்ஜியம்

அவனாவது குழந்தை, பெரிய நிறுவனம் அப்படியெல்லாம் செய்யாது என்று நினைப்பவர்களுக்கு மேப்பிள்ஸ்டோரி என்ற கேமின் கதையைச் சொல்ல வேண்டும். தென் கொரியாவின் நெக்ஸான் நிறுவனம் 2010-இல் அந்த கேமில் கியூப் என்ற பொருளை விற்க ஆரம்பித்தது. காசு கொடுத்து அதைப் பயன்படுத்தினால் நம் ஆயுதம், கவசத்தின் கூடுதல் சக்திகள் குலுக்கல் முறையில் மாறும். எல்லோரும் விரும்புகிற சக்திகளின் வாய்ப்பை, ஆடுகிறவர்களிடம் சொல்லாமலே குறைத்திருந்தார்கள். அது மட்டுமில்லை. ஒரு பொருளின் கூடுதல் சக்திகளைக் காட்டுகிற மூன்று வரியிலும் ஒரே சிறந்த சக்தி சேர்ந்து வருகிற சில கூட்டுகளின் வாய்ப்பு 2011 ஆகஸ்டிலிருந்து 2021 மார்ச் வரை பூஜ்ஜியம். குறைவு இல்லை, பூஜ்ஜியம். பெட்டிக்குள் அந்தச் சீட்டே கிடையாது. கிட்டத்தட்ட பத்து வருடம் மக்கள் அதற்காகக் காசு போட்டிருக்கிறார்கள். 2024 ஜனவரியில் கொரிய நியாய வர்த்தக ஆணையம் 1,160 கோடி வோன் அபராதம் விதித்தது. இலவு காத்த கிளிக்காவது காய் வெடித்துப் பஞ்சாவது பறந்தது, இங்கே மரத்தில் காயே கிடையாது.

அதே வருடம் மார்ச்சிலிருந்து கொரியாவில் வாய்ப்புச் சதவீதத்தை வெளியிடுவது சட்டப்படி கட்டாயமானது. சீனா அதை 2017 மே மாதமே கொண்டுவந்துவிட்டது, ஆப்பிளும் அந்த வருடக் கடைசியில் தன் ஆப் ஸ்டோரில் விதியாக்கியது. நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் நண்பர்களில் பாதிப்பேர் பிரச்சினை அதோடு முடிந்துவிட்டது என்கிறார்கள், அங்கேதான் எனக்கு மாறுபாடு. ஒரு சதவீதம் என்று எழுதியிருந்தால் நாம் என்ன நினைக்கிறோம்? நூறு திறந்தால் ஒன்று வரும் என்று. நூறு பேர் ஆளுக்கு நூறு பெட்டி திறந்தால் சுமார் 37 பேர் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். கணக்கு தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை, ஆனால் ராத்திரி பதினொன்றரைக்கு இன்னும் ஏழு குலுக்கல் மிச்சம் இருக்கும்போது கணக்குப் பாடம் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை, எனக்கு வரவில்லை.

ஜப்பான் 2012-இல் தடுத்த கொம்ப்பு காச்சா இன்னும் மோசம். தனித்தனியாகச் சின்னப் பொருட்கள் வரும், எல்லாவற்றையும் சேர்த்துவிட்டால் பெரிய பரிசு. பத்துப் பொருள், எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தையும் சேர்க்கச் சராசரியாக 29 தடவைக்கு மேல் குலுக்க வேண்டும். அதில் முதல் ஐந்துக்கு ஆறு ஏழு குலுக்கல்தான் ஆகும், மளமளவென்று சேரும். கடைசி இரண்டுக்கு மட்டும் 15 ஆகும். எட்டு சேர்ந்தபோது முக்கால் கிணறு தாண்டிவிட்டோம் என்று தோன்றும், உண்மையில் அப்போதுதான் பாதிச் செலவு முடிந்திருக்கும். அந்தத் தோற்றத்தைத்தான் விற்றார்கள். அதைத் தடுத்த அதிகாரிகள் சதவீதத்தை எழுதி வை என்று சொல்லி விடவில்லை, அந்த முறையே கூடாது என்றார்கள். எனக்கு அது சரியான முடிவாகப் படுகிறது.

இது சூதாட்டமா என்ற கேள்விக்கு நாடுகள் ஆளுக்கொரு பதில் சொல்லியிருக்கின்றன. பெல்ஜியம் 2018 ஏப்ரலில் ஆமாம் என்றது, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் கால்பந்து கேமான ஃபிஃபாவில் பெட்டி வாங்கப் பயன்படுகிற பாயின்ட் விற்பனை அடுத்த ஜனவரியோடு அங்கே நின்றது. நெதர்லாந்து அதே ஃபிஃபாவுக்காக ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது, 2022 மார்ச்சில் அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. பிரிட்டன் நாடாளுமன்றக் குழு 2019-இல் விசாரித்தபோது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் இவை லூட் பாக்ஸே இல்லை, ஆச்சரிய அம்சங்கள் என்று விளக்கம் சொன்னார். வழக்குகள் பெரும்பாலும் சிக்குவது கிடைக்கிற பொருளுக்குப் பண மதிப்பு உண்டா, அது தனி ஆட்டமா, கேமின் ஒரு பகுதியா என்ற இடத்தில்தான். அந்த இரவு எனக்குக் கிடைத்த கதாபாத்திரத்தை யாருக்கும் விற்க முடியாது, சட்டத்தின் கண்ணில் அவளுக்கு மதிப்பே இல்லாமல் இருக்கலாம். அதனால் என் கை திரும்பக் குலுக்கல் திரைக்குப் போனது போகாததாகிவிடுமா? டேவிட் ஸென்டில், பால் கெய்ன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2018-இல் 7,422 பேரிடம் கேட்டு எழுதிய ஆய்வில், சூதாட்டப் பிரச்சினை எவ்வளவு தீவிரமோ அவ்வளவு அதிகமாக லூட் பாக்ஸில் செலவு இருந்தது. பெட்டிகள் அவர்களைச் சூதுக்கு இழுத்தனவா, ஏற்கெனவே அந்தப் பலவீனம் உள்ளவர்கள் பெட்டிகளிடம் வந்தார்களா என்பதை அந்த ஆய்வு தீர்க்கவில்லை. எது காரணமாக இருந்தாலும் பலவீனம் அதிகமுள்ளவர்தான் அதிகம் செலவழிக்கிறார், எனக்கு அது போதும்.

குதிரைக் கவசம்

2006-இல் ஆப்லிவியன் கேமுக்குக் குதிரைக் கவசம் ஒன்றை இரண்டரை டாலருக்கு விற்றார்கள். உலகமே சிரித்தது, நானும் ரொம்ப நாள் அதை வைத்துக் கிண்டல் செய்திருக்கிறேன். ஒரு குதிரைக்குப் போடுகிற தகரத்துக்கு இவ்வளவா என்று. இன்றைக்கு யோசித்தால் அதில் ஓர் நேர்மை இருந்தது. கவசத்தின் படம் இருந்தது, விலை இருந்தது, வேண்டும் என்றவர் வாங்கினார், வேண்டாம் என்றவர் சிரித்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். கவசம் இல்லாதவரின் குதிரை நொண்டவில்லை. கூடுதல் பொருளை விற்பதில் எனக்கு இன்றைக்கும் சண்டை கிடையாது. கேமுக்குள் ஒரு குறையை உண்டாக்கிவிட்டு அதற்கு மருந்து விற்பதில்தான் சண்டை.

2017 நவம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2 கேம் வந்தபோது நடந்தது அதுதான். முழு விலை கொடுத்து வாங்கியவரும் ஸ்டார் வார்ஸின் பிரபல வில்லன் டார்த் வேடராக ஆட, கிரெடிட் என்கிற கேம் நாணயம் 60,000 சேர்க்க வேண்டும், அதற்கு நாற்பது மணி நேரம் ஆகும் என்று ஒருவர் கணக்குப் போட்டார். சண்டையில் உதவுகிற அட்டைகள் பெட்டியில் வந்தன, பெட்டியைக் காசுக்கு வாங்கலாம். இத்தனை உழைத்துத் திறந்தால்தான் பெருமையும் சாதித்த உணர்வும் வரும் என்று நிறுவனத்தின் பக்கமிருந்து ரெடிட் என்ற இணைய மன்றத்தில் பதில் வந்தது, அதற்கு விழுந்த எதிர்வாக்குகள் 6,67,000-ஐத் தாண்டி கின்னஸ் சாதனையாகவே பதிவானது. கதாநாயகர்களின் விலையை 75 சதவீதம் குறைத்தார்கள், உலகம் முழுக்க வெளியாகும் முன் காசுக்கு விற்பதையே நிறுத்திவைத்தார்கள். அந்தக் கோபத்தில் காசு போன வருத்தம் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். அந்த நாற்பது மணி நேரத்தை யார் முடிவு செய்தார்கள், ஆட்டம் சுவையாக இருக்க வேண்டும் என்று நினைத்தவரா, பெட்டி விற்க வேண்டும் என்று நினைத்தவரா என்ற சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால் போகாது. நான் இரண்டு வருடம் ஆடிய கேமில் ஒரே குகைக்கு நூற்றுக்கணக்கான தடவை போயிருக்கிறேன். அது சலிப்பாக இருந்தது. சலிப்பாக இருக்க வேண்டும் என்றே செய்திருந்தார்கள் என்று இப்போது தெரிகிறது, சலிக்காவிட்டால் அதைத் தாண்டிப்போக விற்கிற டிக்கெட்டை யார் வாங்குவார்கள்?

காச்சா கேம்களில் கதை எழுதுகிறவர்கள், இசை அமைக்கிறவர்கள், படம் வரைகிறவர்கள் எவ்வளவு திறமைசாலிகள் என்பது ஆடுகிறவர்களுக்குத் தெரியும். நான் அழுத காட்சிகள் உண்டு. அவர்களுக்குச் சம்பளம் வேண்டும் என்ற என் பழைய வாதத்தை நான் கைவிடவில்லை. அவர்கள் செய்ததை அப்படியே விலை போட்டு என்னிடம் விற்கட்டும், வாங்குவேன். ஃபோர்ட்நைட் கேமின் சேவ் த வேர்ல்ட் ஆட்டத்தில் 2019 ஜனவரியிலிருந்து பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று வாங்குவதற்கு முன்பே காட்டினார்கள், ராக்கெட் லீக் என்ற கேம் அந்த டிசம்பரில் பெட்டிகளையே எடுத்துவிட்டது. முடியாத காரியம் இல்லை. ஆனால் காட்டுவதிலும் ஒரு தந்திரம் இருக்கலாம். அதே 2019-இல் பிரான்ஸில் கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் பெட்டிகளுக்கு எக்ஸ்ரே கருவி வந்தது. உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டு வாங்கலாம், ஆனால் பார்த்ததை வாங்கினால்தான் அடுத்த பெட்டியைப் பார்க்க முடியும். ஆக அந்த மட்டமான துப்பாக்கிக்குக் கொடுக்கிற காசு, அடுத்த பெட்டியை எட்டிப் பார்க்கிற கட்டணம். அந்த ஒன்றரை நொடியை அங்கேயும் விடாமல் காப்பாற்றிக்கொண்டார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் கொஞ்சம் நகர்வு இருக்கிறது. 2024 செப்டம்பரிலிருந்து ஆஸ்திரேலியாவில் காசுக்கு லூட் பாக்ஸ் விற்கிற புது கேம்கள் குறைந்தபட்சம் எம் தரச்சான்று, அதாவது 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஏற்றது என்ற பரிந்துரை பெற வேண்டும். 2025 ஜனவரியில் கெஞ்சினை வெளியிட்ட நிறுவனம் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டில் இரண்டு கோடி டாலர் கட்டவும், 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் சம்மதமில்லாமல் லூட் பாக்ஸ் விற்காமல் இருக்கவும் ஒப்புக்கொண்டது. இதையெல்லாம் வரவேற்கிறேன். ஆனால் 16 ஆனதும் அந்த வெளிச்சத்துக்கு நெஞ்சு அடித்துக்கொள்வது நின்றுவிடும் என்று யாராவது சொன்னால், அந்த இரவு எனக்கு வயது 34.

கேமை நான் அழிக்கவில்லை. அவள் இன்னும் அதில் இருக்கிறாள், எப்போதாவது உள்ளே போய் அவளை வைத்துக் குகை, மலை என்று சும்மா சுற்றிவிட்டு வருவேன், குலுக்கல் திரையைத் திறப்பதில்லை. தினசரி வேலை செய்வதில்லை என்பதால் புது ஜெம்மும் சேர்வதில்லை. முதல் இரண்டு வாரம் காலையில் எழுந்ததும் கை ஃபோனைத் தேடியது, அது கஷ்டமாகத்தான் இருந்தது.

அக்கா மகன் போன மாதம் ஃபோனில் கூப்பிட்டான். இப்போது அவனுக்குப் பதினொன்று, பிறந்தநாளுக்கு வந்த காசு கையில் இருக்கிறது. அவன் ஆடுகிற கேமில் ஒரு ஸ்கின் விற்கிறார்கள், பெட்டி கிட்டி எதுவும் இல்லை, நேரடி விலை. ஒரு வாரம்தான் இருக்கும் என்று கடிகாரம் வேறு ஓடுகிறதாம், அந்தக் கடிகாரத்தைப் பற்றி எனக்குத் தனியாக ஒரு கோபம் உண்டு, அதை அவனிடம் காட்டவில்லை. வாங்கலாமா சித்தி என்றான். உன் காசு, நன்றாகப் பார்த்துவிட்டு முடிவு செய் என்றேன். கடைத் திரையில் அந்த நீல உடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறான், முன்னால், பின்னால், ஓடும்போது, குதிக்கும்போது. நாலாம் நாள் மறுபடி கூப்பிட்டு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டதாகச் சொன்னான். ஏன்டா என்றேன். முதுகில் இருக்கிற சிறகு ரொம்பப் பெரிசு, ஓடும்போது எதிரில் வருகிறவரை மறைக்கிறதாம்.